பங்கும் பரிசிலும்: ஒற்றியூர்ப் பக்கத்து இசைவாணர் வாழ்வு

இறைவன் இசையில் உவப்பவன் என்பதும், இசையொடு கூடிய வழிபாடே அவன் திருவடிக்குச் சாலச் சிறந்ததென்பதும் சைவ நன்னூல்கள் ஒருமுகமாக உணர்த்தும் உண்மைகளாம். ஆயின், இசை பாடுவானுக்கும் வயிறு உண்டு. மனைவி மக்கள் உண்டு. மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் வேண்டும். பாட்டின் பெருமையைப் பேசுவோர் பலர். பாடுவானுடைய உலைமூக்கில் அரிசி விழுந்ததோ என்று வினவுவோர் மிகச் சிலர். அவ்வினாவை நம் முன்னோர் வினவாமல் விட்டாரல்லர். அவர் கண்ட விடைகள் இரண்டு. ஒன்று பரிசில், மற்றொன்று பங்கு. பரிசிலாவது, கேட்டான் ஒருவன் மனமுவந்து, தான் விரும்பிய காலத்துத் தான் விரும்பிய அளவு கொடுப்பது. பங்காவது, செய்யும் பணிக்கு ஈடாக இவ்வளவு என்று வரையறுத்து, எழுத்தில் ஏற்றி, கொடுத்தான் மறைந்த பின்னரும் தொடர்ந்து வருமாறு அமைப்பது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையே இசைவாணர் வாழ்வின் வரலாறு முழுவதும் ஊடாடி நிற்பதாகும். அதனைத் தெளிவுற அறிதற்கு வடசென்னையில் ஒரு சிறு நிலப்பகுதியே போதிய சான்று தருகின்றது.

திருவொற்றியூருக்கு மேற்கே சாத்தாங்காடு. அதற்கும் மேற்கே மணலி. இற்றை நாளில் சாத்தாங்காடு என்றவுடன் மக்கள் நினைவிற்கு வருவது ஆங்குள்ள இரும்பு எஃகுச் சந்தையே. இரும்புப் பாளங்களும் தகடுகளும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் செல்லும் அவ்விடத்தினின்று நோக்கின், மேற்றிசையில் மணலியின் எண்ணெய் ஆலைக் குழாய்களும் உர ஆலைப் புகைபோக்கிகளும் தோன்றும். கீழ்த்திசையில் படம்பக்கநாதரும் தியாகேசரும் வடிவுடையம்மையும் எழுந்தருளிய ஆதிபுரித் திருக்கோயில் உள்ளது. நம்பியாரூரர் சங்கிலியாரை மணந்த தலம் அது. செக்குத்தொழிலாற் பொருளீட்டித் திருவிளக்குப் பணி புரிந்து, பொருள் முழுதும் அழிந்த காலத்துக் கூலிக்கு உழைத்தும் அப்பணியை விடாத கலியநாயனார் வாழ்ந்த ஊரும் அதுவே. தொண்டு நிலைபெறுதற்குப் பொருள் வேண்டும் என்னும் உண்மையை அந்நாயனார் வரலாற்றினும் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை. எண்ணெய் இன்றி விளக்கு எரியாதவாறு போல, சீவிதம் இன்றிப் பாட்டும் நிலைபெறாது.

பரிசிலின் பழைமை

பண்டைத் தமிழகத்தில் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் பரிசிலால் வாழ்ந்தனர். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியிற் கண்ட மற்றொரு வறியவனை, இன்ன வள்ளலிடம் செல்க என்று வழிப்படுத்துவதே ஆற்றுப்படை என்னும் நூல்வகையாயிற்று. பத்துப்பாட்டுள் செம்பாதி அவ்வகையின என்பது, இசைவாணர் பிழைப்பு அக்காலத்து எத்துணைப் பெரிய செய்தியாக இருந்ததென்பதைக் காட்டும். அவற்றுள் பாணர் பெறும் யானையும் தேரும் பொற்றாமரையும் பேசப்படும். அவற்றுடனே, பரிசில் பெறுமுன் அவர்தம் அடுக்களையிற் கிடந்த வறுமையும் பேசப்படும். பெற்ற பரிசில் தீர்ந்தபின் மீண்டும் அடுத்த வள்ளலை நாடி நடத்தலே அவர்க்கு விதியாயிருந்தது.

இந்நிலையில் வரையறை என்பதும் முற்றும் இல்லாமற் போகவில்லை. சிலப்பதிகாரத்தில் அரங்கேறிய மாதவி, தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அது விதிமுறைப்படி பெற்றது என்று இளங்கோவடிகள் கூறுதலின், அரங்கேறிய ஆடல்மகளுக்கு இவ்வளவு என்னும் மரபு அன்றே இருந்தமை அறியப்படும்.

சைவ வரலாற்றில் இசைவாணர் வறுமையைப் பற்றிய மிகச் சிறந்த நிகழ்ச்சி பாணபத்திரரைப் பற்றியது. மதுரை ஆலவாய் இறைவனை யாழிசையால் வழிபட்டு வந்த அவர்க்கு வறுமை நேர்ந்தபோது, இறைவனே சேரமான் பெருமாள் நாயனாருக்குத் திருமுகம் எழுதிக் கொடுத்து அனுப்பினன் என்பது பெரியபுராணம் உரைப்பது. சேரமான் தன் கருவூலம் முழுவதையும் காட்டிக் கொள்க என்றபோது, பாணர் தமக்கு வேண்டுமளவே கொண்டனர். இவ்வரலாறு பல்லாண்டுகளாகப் பக்திச் சுவைக்கென்றே எடுத்துரைக்கப்பட்டு வருகின்றது. ஆயினும் அதனுள் உலகியற் பாடம் ஒன்றும் உண்டு. தன்னைப் பாடுவானுடைய வறுமை தன் பொறுப்பே என்று இறைவன் ஏற்றுக்கொண்டான்; பாடுவானும் பேராசை கொண்டானல்லன்; வேண்டியது மட்டும் கொண்டான். இவ்விரு முறைமையும் ஒருங்கே அமைந்த ஏற்பாடே பிற்காலத்துக் கோயில்களிற் பங்கு என்று பெயர் பெற்றது.

கல்லில் எழுதிய ஊதியம்

திருப்பதியம் பாடுவார்க்குக் கோயில் வருவாயிலிருந்து ஊதியம் அளிக்கும் வழக்கம் பல்லவர் காலத்திலேயே தோன்றிவிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில், நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டில், கோயிற் பணியாளர் வரிசையில் திருப்பதியம் பாடுவாரும் இடம் பெறுகின்றனர். சோழர் காலத்தில் இவ்வேற்பாடு முதிர்ச்சி பெற்றது.

தஞ்சை இராசராசேச்சரத்தில் முதலாம் இராசராசனுடைய 29-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1014-ஆம் ஆண்டையொட்டி, பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் இதற்குத் தலையாய சான்று. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். அவர்களுடைய பெயரும், அவர்கள் எந்த ஊர்த் தளியினின்று வந்தவர் என்பதும், வீடு எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு என்பதும் ஒருவர் விடாமல் எழுதப்பட்டுள்ளன. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரும், உடுக்கை வாசிப்பவர் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரும் ஆக ஐம்பதின்மருக்கு நாளொன்றுக்கு ஒருவருக்கு முக்குறுணி நெல் வரையறுக்கப்பட்டது. பன்னிரு குறுணி ஒரு கலமாதலின், இஃது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 91 கலமாகும். எனவே, பதியம் பாடுவானுடைய ஊதியமும் ஆடல்மகளின் பங்கும் ஒன்றற்கொன்று பெரிதும் வேறுபடாத அளவில் அமைந்திருந்தமை கணக்கால் விளங்கும். இசையும் ஆடலும் ஒரே நிறைகோலில் வைத்து நிறுக்கப்பட்டன என்க.

இவ்வேற்பாட்டில் நெல்லின் அளவினும் வியக்கத்தக்கது அதன் தொடர்ச்சி பற்றிய விதியேயாகும். பங்கு பெற்றார் ஒருவர் இறப்பின் அல்லது வேற்றூர் செல்லின், அவர்க்கு அடுத்த உறவினர் அப்பங்கினைப் பெற்று அப்பணியினைச் செய்தல் வேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடையார் ஒருவரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். அடுத்த உறவினரே இல்லையாயின், ஏனைப் பங்காளர் கூடித் தக்கார் ஒருவரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். உரிமை குடும்பத்துக்கு, ஆனால் தகுதி இன்றி உரிமை இல்லை. பணி நிற்றலும் கூடாது. பணியாளன் குடும்பம் திடீரெனத் தெருவில் நிற்றலும் கூடாது. இவ்விரண்டு நோக்கத்தையும் சில வரிகளில் அடக்கிய அவ்விதி, ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னரும் கற்கத்தக்கதாக உள்ளது.

உறவாக்கின தலைக்கோலி

திருவொற்றியூர்க் கல்வெட்டுக்களும் இவ்வகையிற் செல்வம் மிக்கவை. வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, மார்கழித் திருவாதிரை நாளில் திருவெம்பாவை ஓதுதற்கும், தேவரடியார் திருப்பதியத்தை அகமார்க்கம் என்னும் முறையிற் பாடுதற்கும் ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகின்றது. திருமுறை ஓதுதல் ஆடவர்க்கே உரியது என்று பின்னாளில் எழுந்த எண்ணம் அக்காலத்து இல்லை என்பது இதனால் தெளிவாம். அப்பெண்டிர் பொருள் உடையவராய், தம் பெயரால் அறக்கட்டளை செய்யும் நிலையினராகவும் இருந்தனர். சதுரன் சதுரி என்னும் தேவரடியார் ஒருவர் இக்கோயிலுக்குக் கொடை அளித்தமை பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்றால் அறியப்படுகின்றது; அவர் நாகன் பெருங்காடன் என்பவருடைய மனைவி என்றும் அதுவே கூறும்.

எல்லாவற்றினும் சிறந்த செய்தி மூன்றாம் இராசராசனுடைய 19-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது, கி. பி. 1235 என்பர். ஆவணித் திருநாளில் மன்னன் கோயில் மண்டபத்தில் அமர்ந்திருந்து, உறவாக்கின தலைக்கோலி என்பார் அகமார்க்கம் பாடக் கேட்டனன். அப்போது மணலியில் அறுபது வேலி நிலம் அளிக்கப்பட்டது; அந்நிலம் அவர் பெயராலேயே உறவாக்கினநல்லூர் என வழங்குமாறு ஆயிற்று. மன்னர் பெயராலும் அமைச்சர் பெயராலும் ஊர்கள் அமைந்தமை பலவிடத்தும் உண்டு. பாடிய பெண்மணி ஒருவர் பெயரால் ஓர் ஊர் அமைந்தது இம்மண்ணிலாகும். இன்று எண்ணெய்க் குழாய்கள் ஓடும் மணலி நிலத்தில், ஒரு காலத்தில் வரப்பும் வாய்க்காலும் ஒரு பாடகியின் பெயரைத் தாங்கி நின்றன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்நாள் நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்கின், பரிசிலும் பங்கும் அதில் ஒன்றாகக் கலந்திருத்தல் புலனாம். மன்னன் உவந்தது பரிசிலின் இயல்பு. அவ்வுவகை பொற்காசாக நில்லாமல் விளைநிலமாக மாறிக் கல்லில் ஏறியது பங்கின் இயல்பு. காசு ஒருநாட் செலவாகும்; நிலம் ஆண்டுதோறும் விளையும். மூன்றாம் இராசராசன் வலிமை குன்றிய மன்னன். அவன் காலத்திலேயே சோழப் பேரரசு தளர்ந்துவிட்டது. அவனுடைய வெற்றிகள் எவையும் நிலைபெறவில்லை. அவன் ஒருநாள் அமர்ந்து கேட்ட பாட்டுக்குக் கிடைத்த நிலத்தின் செய்தி மட்டும் கல்லில் நிலைபெற்றது.

பங்கு முறையில் குறை ஒன்றும் இல்லை என்று கருதுதல் பொருந்தாது. பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் என மூன்று பிரிவினர் ஒற்றியூர்க் கோயிலிற் பணி புரிந்தனர். யார் யார் எந்தச் சந்நிதியில், எந்த வரிசையில், எப்பணியைச் செய்வது என்பது பற்றி அவர்களிடையே பிணக்கு எழுந்தது. பதினான்காம் நூற்றாண்டில் இராசநாராயண சம்புவராயர் ஆட்சியிற் செய்த தீர்ப்பு நிலைக்கவில்லை. பின்னர் விசயநகரத்துக் கம்பண உடையார் ஆட்சியில் மீண்டும் அது தீர்க்கப்படல் வேண்டியதாயிற்று. ஓரரசு அழிந்து மற்றோர் அரசு தோன்றிய பின்னரும் அப்பிணக்கு அழிந்திலது. ஆடலும் பாடலும் பற்றிய இப்பூசல் அற்பமானது என்று நகைத்தல் தவறு. பணியின் வரிசையே பங்கின் உரிமையைக் காட்டுவதாதலின், வரிசையை இழந்தவர் நாளடைவில் சோற்றையும் இழப்பர். பிறப்பினால் பணி வரையறுக்கப்பட்டமையும், பிறர் புகுதற்கு வாயில் அடைபட்டமையும் அம்முறையின் மற்றைக் குறைகளாம்.

மணலி முதலியார்களும் தீட்சிதர் குடும்பமும்

கோயில் வருவாய் குன்றி, அரசுகள் சிதைந்த பதினெட்டாம் நூற்றாண்டில், சென்னைப் பட்டினத்தில் புதிய புரவலர் தோன்றினர். கும்பினியாரின் துபாஷிகளாகிய செல்வரே அவர். கவர்னர் பிகட்டுக்குத் துபாஷியாயிருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அவருள் தலைசிறந்தவர். இராமநாடகம் இயற்றிய சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779), தஞ்சை அரண்மனையில் வேண்டிய ஆதரவு உடனே கிட்டாமையால் சென்னை அடைந்து, இம்முதலியாரிடம் பெரும்பரிசில் பெற்றனர் என்பர். அரசவை செய்து வந்த கடமையை வணிகர் இல்லம் ஏற்றுக்கொண்டதற்கு அஃது ஓர் அடையாளம்.

இக்குடும்பத்தின் ஆதரவிலேயே இராமசாமி தீட்சிதர் (1735–1817) திருவாரூரினின்று வந்து மணலியில் வாழ்ந்தனர். முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் எனப்படுவார், அவரைப் போற்றினர். தீட்சிதர் அவர்மீது 108 இராகதாள மாலிகை ஒன்று இயற்றிக் கனகாபிடேகம் பெற்றனர். அவர் மக்களுள் மூத்தவராகிய முத்துசாமி தீட்சிதர் இளமையில் மணலியில் வாழ்ந்து, ஆங்கு வந்த சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்றனர். இளையவராகிய பாலுசாமி தீட்சிதர், முதலியாருடைய உதவியால் மேனாட்டுப் பிடில் வாத்தியத்தைப் பயின்று, அதனைத் தென்னாட்டு இசைக்கு இயைத்தவருள் முதல்வரானார். இன்று கச்சேரி மேடைதோறும் ஒலிக்கும் பிடில், நம் இசையில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று சாத்தாங்காட்டுக்கு அடுத்த மணலி என்பது பலர் அறியாததொன்று.

பரிசிலின் ஆற்றல் இதனால் விளங்கும். ஒரு செல்வருடைய சுவையுணர்வு ஒரு குடும்பத்தை வாழ்வித்தது. அக்குடும்பம் நாட்டின் இசையையே மாற்றிற்று. எந்தப் பங்கு முறையும் இத்தகைய புதுமையை எளிதில் தந்திராது. எனினும் அதன் மறுபக்கமும் உண்டு. கோயிற் பங்கு போல அவ்வாதரவு கல்லில் ஏறியதன்று; கொடுத்தவர் இல்லத்தின் செல்வத்தோடு பிணைந்தது. தீட்சிதர் குடும்பத்தார் மணலியை விட்டுத் திருவாரூருக்கு மீண்டனர். தந்தையார் மறைந்த பின் சகோதரர் வெவ்வேறு ஊர்களை நாட வேண்டியவராயினர். பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரத்து அவைக்களத்தை அடைந்தனர். முத்துசாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் ஆங்குச் சென்று, 1835-ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில் மறைந்தனர். திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரியைப் பாடிய அப்பெரியார்க்கும் நிலையான ஓரிடம் வாழ்நாளில் அமையவில்லை. ஆற்றுப்படைக் காலத்துப் பாணன் நடந்த வழியிலேயே அவரும் நடந்தனர் என்க.

ஒற்றியூரில் தியாகராசரும் குப்பையரும்

1839-ஆம் ஆண்டையொட்டித் திருவையாற்றுத் தியாகராச சுவாமிகள் (1767–1847) சென்னைக்கு வந்து, கோவூர்ச் சுந்தரேச முதலியார் இல்லத்தில் தங்கினர். திருவொற்றியூர் அம்மைமீது ஐந்து கீர்த்தனங்களும், கோவூர் இறைவன்மீது ஐந்து கீர்த்தனங்களும் அப்பயணத்தில் எழுந்தன. சுவாமிகள் அரண்மனைப் பொருளை மறுத்து உஞ்சவிருத்தியால் வாழ்ந்தவர். விடைபெறும்போது முதலியார் அவரறியாமல் பொன் முடிப்பைப் பல்லக்கில் வைத்துச் சீடரிடம் மட்டும் கூறினர் என்பது வழிவழி வரும் செய்தி. கொடுப்பான் ஒளித்துக் கொடுக்கவும், கொள்வான் அறியாது கொள்ளவும் நேர்ந்த அந்நிகழ்ச்சி உயர்ந்ததே. ஆயின் சுவாமிகள் துறவுள்ளம் எல்லார்க்கும் உரியதன்று. அவர் ஒருவர் பொருளை வேண்டாமை கொண்டு, பாடுவார் எவரும் பொருள் கேட்டலாகாது என்று செல்வர் முடிவு செய்தல் பெருங்கொடுமையாகும். அம்முடிவு இன்றும் பலர் நெஞ்சில் ஒளிந்துள்ளது. இறைவன் புகழ் பாடுவோர்க்குக் கூலி பேசுதல் இழிவு என்று கூறுவோர், அவ்விறைவனே பாணபத்திரர்க்குத் திருமுகம் எழுதியதனை மறந்தவராவர்.

சுவாமிகளிடம் பயின்ற வீணை குப்பையர் திருவொற்றியூரைச் சார்ந்தவர். வீணையிலும் வாய்ப்பாட்டிலும் வல்லவர். அவர் கோவூர் முதலியாரின் ஆதரவும் பெற்றனர். அவர் மகன் திருவொற்றியூர்த் தியாகையர் (1845–1917) வாழ்ந்த காலத்தில் உலகம் மாறிவிட்டது. துபாஷிகளின் செல்வம் கரைந்தது, அச்சுக்கூடம் வந்தது. தியாகையர் 1900-ஆம் ஆண்டில் பல்லவி சுவரகல்பவல்லி என்னும் நூலைச் சுரக்குறிப்புடன் வெளியிட்டனர். தந்தையின் உருப்படிகளும் தம் உருப்படிகளும் அதில் இடம் பெற்றன. குருவின் வாயினின்று சீடன் செவிக்கு மட்டுமே சென்ற செல்வம் விலைக்கு வாங்கும் புத்தகமாயிற்று. புரவலர் ஒருவரை நம்பியிருந்த இசைவாணன், முகமறியாப் பலரை நம்பும் காலம் அதனோடு தொடங்கிற்று.

சீட்டும் தட்டும் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையில் சங்கீத சபைகள் தோன்றின. நுழைவுச் சீட்டு வாங்கியவர் எவரும், குலமும் செல்வமும் வினவப்படாமல், அமர்ந்து கேட்கலாயினர். 1904-ஆம் ஆண்டு முதல் கிராமபோன் கும்பினியார் சென்னையில் பாடல்களைத் தட்டுக்களிற் பதிவு செய்தனர். 1938-ஆம் ஆண்டில் வானொலி நிலையம் தொடங்கிற்று. பாட்டு பாடுவானை விட்டுப் பிரிந்து தனியே உலவத் தொடங்கியது இக்காலத்தேயாம். பாடினவன் உறங்கும்போதும் அவன் குரல் ஒலித்தது. அவன் இறந்த பின்னும் ஒலித்தது. தட்டு விற்குந்தோறும் பொருள் ஒருவர்க்குச் சேர்ந்தது. பாடினவர்க்கோ, பெரும்பாலும் பாடிய அன்று பெற்ற தொகையோடு கணக்கு முடிந்தது. புதிய காலத்தின் பரிசில் இது. கொடுப்பவனுடைய அன்பு மட்டும் இதில் இல்லை.

திரைப்படம் வந்தபின் இவ்வழக்கு நீதிமன்றத்தையும் அடைந்தது. பாட்டு இயற்றினோரும் இசையமைத்தோரும் படமெடுப்போரிடம் பொருள் பெற்றுப் பணி செய்தமையின், மாறான உடன்படிக்கை இல்லாதவிடத்து, உரிமை முழுவதும் படமெடுத்தோர்க்கே என உச்சநீதிமன்றம் 1977-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ண ஐயர், பாடகனுக்குச் சட்டம் எவ்வுரிமையும் தராமை குறித்துத் தனியே வருந்தி எழுதினர். 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துவோர் உரிமை என்பதனைச் சட்டத்தில் நுழைத்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தமோ பெரியதொரு மாறுதலைச் செய்தது. படத்திலும் ஒலிப்பதிவிலும் இடம்பெற்ற பாட்டின் ஆசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்கிற் படத்தோடு காட்டுதல் ஒழிந்த பிற வகைப் பயன்பாட்டிற்கு, உரிமைத் தொகையிற் சரிபாதிப் பங்கு பெறுவர்; அப்பங்கினை அவர்தம் வாரிசுகளுக்கும் உரிமைக் காப்புச் சங்கத்துக்கும் அன்றிப் பிறர்க்கு எழுதிக் கொடுத்தல் செல்லாது என்று அது விதித்தது. பாடினோர்க்கும் வணிகப் பயன்பாட்டில் தொகை பெறும் உரிமை கூறப்பட்டது.

இவ்விதியை இராசராசன் விதியோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். அங்கே நெல், இங்கே பணம். அங்கே கல், இங்கே சட்டநூல். ஆயினும் கருத்து ஒன்றே. பணியின் பயன் நிலைக்கும் காலமெல்லாம் பணியாளன் பங்கும் நிலைத்தல் வேண்டும். அது வலியோனால் பறிக்கப்படாமல் அவன் குடும்பத்தைச் சென்று சேர்தல் வேண்டும். பங்கு என்னும் சொல்லே மீண்டும் வந்தது காண்க. எழுதப்பட்ட சட்டம் நடைமுறையில் எல்லார்க்கும் எட்டுதல் வேறு செய்தி. எழுதப்பட்டதே ஒரு வெற்றி.

கோயிற் பங்கு மறைந்தமை

இதே காலத்தில் கோயிலிற் பழைய பங்கு மறைந்து வந்தது. தேவரடியார் நிலை இடைக்காலத்தில் தாழ்ந்து, பெண்டிர் பலர் இழிவுக்கு ஆளாயினர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் முயற்சியால் 1929-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோயிற் பணியினின்று பிரித்து அவர்க்கே உரிமையாக்கிற்று. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றும் ஒழித்தது. இவை வேண்டியனவே, பெண்டிர்க்கு மானம் மீட்டளித்தனவே. 1929-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தைப் பறியாமல் அவர்க்கே விட்டமை, அப்பங்கு பிச்சையன்று, உரிமை என்பதனை ஒப்புக்கொண்டவாறாம். ஆயினும் பணியும் நிலமும் பிரிந்தபோது, அப்பணியிற் கிடந்த இசைக்கு வேறு ஊதியம் அமைக்க எவரும் கருதவில்லை. 1963-ஆம் ஆண்டுச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின் பின் ஏனைப் பணியாளர் மானியங்களின் நிலையும் மாறிற்று. விளையும் நிலத்தைச் சார்ந்திருந்த ஓதுவாரும் நாகசுரக்காரரும் மாதச் சம்பளத்தைச் சார்ந்தவராயினர். நெல்லின் விலை ஏறும்போது பங்கின் மதிப்பும் உடன் ஏறியதுபோல அச்சம்பளம் ஏறவில்லை.

இதன் விளைவு திருமுறைக்கே ஊறாயிற்று. பண்ணிசை ஏட்டில் அடங்குவதன்று. ஓதுவார் ஒருவர் மற்றொருவர்க்கு வாயாற் கற்பிக்க நிலைபெறுவது. பிழைப்புக்குப் போதாத பணியைத் தம் மகனுக்கு எந்தத் தந்தையும் விரும்பிக் கொடான். ஒரு கோயிலில் ஓதுவார் இடம் காலியாகக் கிடப்பின், ஓர் ஊழியர் குறைந்தார் என்பதோடு அமையாது. ஒரு மரபின் கண்ணி அறுந்ததாகக் கொள்ளுதல் வேண்டும். தருமபுரம் முதலிய ஆதீனங்களும் தேவாரப் பாடசாலைகளும் இக்கண்ணி அறாமற் காத்து வருதல் பாராட்டிற்குரியது. 2021-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசர் கோயிலில் பெண் ஓதுவார் ஒருவர் நியமிக்கப்பட்டபோது புதுமை என்று பலர் வியந்தனர். ஒற்றியூரில் தேவரடியார் திருப்பதியம் பாடிய செய்தியை அறிந்தார்க்கு அது புதுமையன்று, மீட்சியாம்.

இன்றைய நிலை

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பகுதியில் இசையால் வாழ்வோர் இன்றும் உளர். நாகசுரமும் தவிலும் வாசிப்போர் முகூர்த்த நாட்களை நம்பி வாழ்கின்றனர். ஆடியிலும் மார்கழியிலும் மணவினை இன்மையால் வருவாயும் இல்லை. வடசென்னைக்கே உரிய கானாப் பாடகர், இறந்தோர் வீட்டில் இரவெல்லாம் பாடித் துயராற்றுவர்; விடியும்போது கையிற் கொடுத்ததைப் பெற்றுச் செல்வர். அப்பாட்டுக்கள் திரைப்படத்தில் ஏறிப் பெரும்பொருள் ஈட்டியுள்ளன. எளிய பாடகர் பலர்க்கு அதிற் பங்கு சென்றதில்லை. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் திருவிழாவும் திருமணமும் நின்றபோது இவர்தம் அடுப்பும் நின்றது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தின் வாயிலாக அரசு செய்த உதவி ஓரளவு துணையாயிற்று. நின்ற பணிக்கும் குடும்பம் அழியாமற் காக்கும் விதி ஒன்றை ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு மன்னன் கல்லில் எழுதினான் என்பதை அக்காலம் நினைவூட்டிற்று.

இவ்வரலாற்றால் பெறப்படுவது யாது? பரிசில் வேண்டாவென்பதன்று. மணலி முதலியார் இல்லையேல் பிடில் நம் இசையிற் புகுந்த வரலாறு வேறாயிருக்கும். கோவூர் முதலியார் இல்லையேல் ஒற்றியூர் அம்மைக்கு அவ்வைந்து கீர்த்தனங்கள் இல்லை. உவந்து கொடுக்கும் கை என்றும் வேண்டப்படும். ஆயினும் அதனை மட்டும் நம்பிய இசைவாணன் கொடுப்பான் இல்லம் சாயும்போது தானும் சாய்வான். பங்கோ, பிணக்கும் குறையும் உடையதாயினும், பாடுவானை இரவலனாக்காமல் உரியவனாக்குகின்றது. எனவே கோயிலில் ஓதுவாரையும் நாகசுரக்காரரையும் அமர்த்துவோர், அவர்க்கு அளிப்பது அருளன்று, கடன் என்று உணர்தல் வேண்டும். காலத்தோடு ஏறும் ஊதியமும், முதுமைக்கும் குடும்பத்துக்கும் காப்பும், தகுதியுடையார் எக்குலத்தாராயினும் புகுதற்குத் திறந்த வாயிலும் அமைத்தல் வேண்டும். மணவீட்டாரும் விழாக் குழுவினரும், பேசிய தொகையைப் பேசியபடி முழுதும் அளித்தல் வேண்டும்.

கலியநாயனார் விளக்கெரிக்க எண்ணெய் கிட்டாதபோது இறைவன் வெளிப்பட்டு அவர் கையைப் பிடித்தான். எண்ணெய்க்கு வழி செய்யாமல் விளக்கு எரியவில்லையே என்று வருந்துதல் அடியாரைச் சூழ்ந்த ஊரார்க்கு அழகன்று. உறவாக்கினநல்லூர் என்னும் பெயர் இன்று மணலியில் வழக்கில் இல்லை. அப்பெயர் பொறித்த கல் ஒற்றியூரில் உள்ளது. அதனைப் படிப்பார், அறுபது வேலியின் பெருமையை மட்டும் வியந்து செல்லாமல், தம் ஊர்க் கோயிலில் இன்று பாடுவார்க்கு என்ன அளக்கப்படுகின்றது என்று கேட்பாராக.